விடுதலைக்குப் பிறகு வரும் முதல் மழைக்காலம்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஏரிக்கரையில் போன மாதம் 4 இருளர் குடும்பங்கள் வந்து குடிசை போட்டிருக்கின்றன. செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்தவர்களாம், அதிகாரிகள் மீட்டு அனுப்பினார்களாம். இப்படி மீட்கப்படுகிறவர்களுக்கு அரசு தங்க இடம் கொடுக்காதா? கொஞ்ச நாளில் இவர்கள் மறுபடியும் சூளைக்கே போய்விடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், உண்மையா? நண்பர்கள் நாலைந்து பேர் ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். எதில் தொடங்குவது?"

தம்பி, ஊரில் பேசிக்கொள்வது பாதி உண்மை. மீட்கப்பட்டவர்களில் சிலர் திரும்பிப் போகத்தான் செய்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக வட மாவட்டங்களில் இந்தக் குடும்பங்களோடு அலைகிறேன். திரும்பிப் போன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், போகாமல் நின்ற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஊர் சொல்லாத மீதிப் பாதி ஒன்று இருக்கிறது. போனவர்கள் யாரும் சூளை பிடித்துப்போய்ப் போகவில்லை. ஐப்பசியில் போனார்கள். அடைமழையில் கூலி வேலை கிடையாது, கூரை ஒழுகுகிறது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அந்த நேரம் பார்த்து, சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி பணத்தோடு வந்து நிற்கிறார். இந்தப் பக்கத்துச் சூளைகளில் கல் அறுக்கும் வேலை தை பிறந்த பிறகுதான் சூடு பிடிக்கும், ஆனி வரை ஓடும். ஆனால் அதற்கான முன்பணம் கைமாறுவது அதற்கு முந்தைய மழைக்காலத்தில். பசியும் பணமும் ஒரே மாதத்தில் வாசலுக்கு வருகின்றன. அதனால், பாதுகாப்பான தங்குமிடம் எது என்று என்னைக் கேட்டால், முதல் மழைக்காலம் முடியும் வரை அந்தக் குடும்பம் யாரிடமும் முன்பணத்துக்குக் கைநீட்டாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் சேர்த்துத்தான் சொல்வேன். நாலு சுவர் அதில் ஒரு பங்கு.

சரி, அரசு இடம் கொடுக்காதா என்ற கேள்விக்கு வருகிறேன். கொத்தடிமை நிலையில் இருந்து வருகிற முழுக் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு இல்லம் பெரும்பாலும் கிடையாது. பெண்களுக்கு 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. அங்கே சில நாள்தான் தங்கலாம். பிள்ளைகள் மட்டும் தனியாக மீட்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், குழு சொல்கிற இல்லத்துக்குப் போவார்கள். புருஷன், பெண்சாதி, மூன்று பிள்ளை, ஒரு கிழவி என்று கூட்டமாக வருகிறவர்களுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. பிரித்து வைப்பதைப் போலக் கெடுதல் வேறு இல்லை. சூளையில் எத்தனை கஷ்டம் இருந்தாலும் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள். விடுதலை என்ற பெயரில் அதையும் பிடுங்கிவிட்டால், 'அங்கேயே இருந்திருக்கலாம்' என்ற எண்ணம் முதல் ராத்திரியே வந்துவிடும்.

நடப்பு எப்படி என்றால், கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தாசில்தாரோடும் போலீஸோடும் போய் விசாரிப்பார். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், வாரச் செலவுக்கு என்ன தருகிறார்கள், வெளியே போக விடுகிறார்களா, வேறு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டு எழுதிக்கொள்வார். இந்த விசாரணை சூளையிலேயே நடந்தால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். முதலாளியின் ஆள் பத்தடி தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் பேசுவார்கள்? வண்டியில் ஏற்றி ஆபீசுக்குக் கூட்டி வந்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கேட்டால் அதே ஆட்கள் வேறு கதை சொல்வார்கள். பாதுகாப்பான இடம் என்ற விஷயம் அங்கேயே, அந்த விசாரணை அறையிலேயே, தொடங்கிவிடுகிறது.

விசாரணை முடிந்து விடுதலைச் சான்று கையெழுத்தாகும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். ராத்திரிக்குச் சமுதாயக் கூடம், பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் கோட்டாட்சியர் அலுவலக வராந்தா. அப்படி ஒரு ராத்திரி எனக்கு மறக்காது. ஒரு சமுதாயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் குடம், புடவையில் கட்டிய மூட்டை, இரண்டு கோழி, ஒரு நாய். அந்த நாயை வண்டியில் ஏற்ற முடியாது என்று டிரைவர் சொன்னபோது மொத்தக் குடும்பமும் கீழே இறங்கிவிட்டது. கடைசியில் நாயும் வந்தது. சாப்பிட்டுப் படுத்தார்கள். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு நான் எழுந்து பார்த்தால், பெரியவர்கள் பாதிப் பேர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் எழுப்பவில்லை. சூளையில் அந்த நேரத்துக்குத்தான் மேஸ்திரி எழுப்புவார், வெயிலுக்கு முன்னால் கல் அறுக்க வேண்டும் என்று. ஒருவர் என்னைப் பார்த்து, "வெளியே போயிட்டு வரட்டுமா சார்?" என்றார். ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

மறுவாழ்வு என்ற வார்த்தையை எங்கே படித்தாலும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். பணம், பட்டா, வீடு எல்லாம் வேண்டும். கூடவே, அனுமதி கேட்கும் அந்தப் பழக்கம் போகிற அளவுக்கு நேரமும் வேண்டும். அந்தத் தூக்கம் சரியாகச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. பைக் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குக் கேட்டு வருகிற ஆள் பைக்கில்தான் வருவான்.

அடுத்த நாள் வண்டி வைத்து 'சொந்த ஊருக்கு' அனுப்பிவிடுவார்கள். எனக்கு அடிவயிறு கலங்குவது இந்த இடத்தில்தான். சொந்த ஊர் பாதுகாப்பானது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்த ஊரில்தான் முன்பணம் கொடுத்த மேஸ்திரி இருப்பார். சில சமயம் அவர் சொந்தக்காரராகவே இருப்பார். குடிசை இருந்த இடம் ஏரிப் புறம்போக்காக இருக்கும், இல்லை யாரோ ஒருவரின் நிலத்து மூலையாக இருக்கும். சூளைக்குப் போய் நாலு வருடம் ஆனதில் அந்தக் குடிசையும் இருக்காது. உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அந்த 4 குடும்பங்கள் வந்திருக்கின்றன என்றால், வேறு எங்கும் இடமில்லாமல் வந்திருக்கிறார்கள் என்றே அர்த்தம். ஏரி நிரம்பினால் முதலில் முழுகுவது அந்த இடம்.

நம் சட்டம் இந்த வீட்டுப் பிரச்சினையை யோசிக்காமல் இல்லை. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு ஒப்புதல் கிடைத்த பிப்ரவரி 9ஆம் தேதியைத்தான் தமிழ்நாட்டில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினமாக அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுத்து அனுசரிக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கொத்தடிமை வேலைக்கு ஈடாகக் குடியிருந்த வீட்டில் இருந்து விடுதலையானவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. வெளியேற்றினால் திரும்பக் குடிவைக்க வேண்டியது நிர்வாக நடுவரின் பொறுப்பு. அன்றைய கொத்தடிமை என்றால் பண்ணையாரின் நிலத்திலேயே தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர். அவருக்கு அந்தக் குடிசையே சொத்து. இன்றைக்கு நிலைமை தலைகீழ். சூளையில் காய்ந்த கல்லையே அடுக்கி, குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கூண்டு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மீட்ட பிறகு அந்தக் கூண்டு பக்கம் அவர்கள் போகவே கூடாது. அதனால் பிரிவு 8 எழுத்தில் இருந்தும் இவர்களுக்கு உதவுவதில்லை. உதவுவது இரண்டு: விடுதலைச் சான்றும் வீட்டுமனைப் பட்டாவும்.

விடுதலைச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான். அது ஒரே ஒரு தாள். இவர் கொத்தடிமையாக இருந்தார், விடுவிக்கப்பட்டார், இவருடைய கடன் ரத்து என்று அதில் இருக்கும். பானைக்குள், பாலித்தீன் கவருக்குள், கூரைச் சந்தில் என்று எங்கேயாவது பத்திரமாக வைத்திருப்பார்கள். வாங்கிப் பாருங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று இருக்கிறதா? மறுவாழ்வு உதவி ஆளுக்கு ஆள், குடும்பத்துக்கு ஒன்று இல்லை. புருஷன் பெயரில் மட்டும் சான்று கொடுத்துவிட்டு, கூடவே கல் அறுத்த மனைவியையும், கல்லைத் திருப்பிப் போட்ட பத்து வயதுப் பிள்ளையையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்துப் பிழைக்காக வங்கியில் பணம் மாதக்கணக்கில் நின்றுபோன கதைகள் நிறைய. நாலு நகல் எடுத்து, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் தாள் போய்விடும், அதோடு உரிமையும் போன மாதிரிதான்.

பணம் எவ்வளவு என்று கேட்பார்கள், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1978இல் இந்த மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது 4,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2000இல் 20,000 ஆனது. 2016 மே மாதம்தான் பெரிய மாற்றம் வந்தது. வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடுமைக்கு உள்ளானவர்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம். 2 லட்சம், 3 லட்சம் பெறுகிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய பகுதி வைப்பாக வைக்கப்பட்டு மாதாமாதம் வருமானமாக வரும். மீட்ட கையோடு கொடுக்கிற உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. இந்த உடனடித் தொகைக்கு வழக்கு முடிந்திருக்க வேண்டும், முதலாளிக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. மாவட்ட ஆட்சியரிடம் இதற்கென்றே ஒரு நிதி இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது.

சிக்கல் மீதித் தொகையில். அது வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் கூலிக்காரர், ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. எதிர்த்தரப்பு சமாதானம் பேச ஆள் அனுப்பும். இதில் பலர் தெரியாமல் இருக்கிற ஒன்று: தண்டனைத் தீர்ப்பு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உதவிக்கான முன்மொழிவை நிறுத்தி வைக்கக் கூடாது, கொத்தடிமை நிலை இருந்ததாக மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் முடிவுக்கு வந்திருந்தால் அனுப்பலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மனு கொடுக்கும்போது இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, ஆட்சியர்தான் தலைவர், பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் சமூகப் பணியாளர்களும் அதில் இருக்க வேண்டும். மறுவாழ்வைக் கவனிப்பது அந்தக் குழுவின் சட்டப்படியான வேலை. மனுவின் ஒரு நகல் அந்தக் குழுவுக்கும் போகட்டும்.

மீட்டால் மட்டும் போதாது என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1982இல் பத்திரிகையாளர் நீரஜா சௌத்ரி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபரிதாபாத் கல்குவாரிகளில் இருந்து விடுவிக்கப்பட்டு மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், மாதங்கள் கடந்தும் எந்த மறுவாழ்வும் இல்லாமல் பட்டினியின் விளிம்பில் இருக்கிறார்கள் என்று. 1984இல் நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்பு, விடுவித்துவிட்டு அப்படியே விட்டால் வறுமையே அவர்களை மறுபடி அடிமைத்தனத்துக்குத் தள்ளிவிடும் என்று தெளிவாகச் சொன்னது. நாற்பது வருடம் ஆகிவிட்டது தம்பி. இன்னமும் மீட்பு நாளில்தான் கேமரா வருகிறது. மூன்றாம் மாதம் ரேஷன் கார்டு வந்ததா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

இல்லங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் பதில் குறையாகிவிடும். உங்கள் 4 குடும்பத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் ஒரு நாள் எதிரே வரும். பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட பெண்களை மீட்டால் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, நடுவர் உத்தரவிட்டால் ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஒரு பெண்ணைக் காப்பகத்தில் வைக்கலாம். குற்றம் செய்தவன் ஜாமீனில் வெளியே வந்துவிடுவான், பாதிக்கப்பட்டவள் பூட்டிய கேட்டுக்குள் இருப்பாள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தக் காப்பகங்களை மாநில அரசுகள் ஆய்வு செய்ய வேண்டும், விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களின் வழக்கைப் பரிசீலித்துக் காலக்கெடுவுக்குள் விடுவிக்க வேண்டும் என்றது. நல்ல காப்பகங்களும் இருக்கின்றன. படிக்க வைத்து, வங்கிக் கணக்கு திறந்து, வேலைக்கு அனுப்பி, அப்புறமும் போன் செய்து விசாரிக்கிறவர்கள் உண்டு. நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: சாவி யார் கையில்? பெண் தன் அறையை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள முடிந்தால் அது தங்குமிடம். வெளியே இருந்து வேறு யாரோ பூட்டினால், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இன்னொரு சூளைதான்.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள், ஒரு யோசனை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே நவீன அடிமைமுறைச் சட்டம் 2015இல் வந்தது. பாதிக்கப்பட்டவராக இருக்கலாம் என்று முதல் கட்ட முடிவு வந்ததும், அந்த நபருக்கு 'மீள்வதற்கான காலம்' என்று ஒன்று கொடுக்கிறார்கள். முன்பு 45 நாள், இப்போது குறைந்தது 30 நாள். அந்தக் காலத்தில் ரகசிய முகவரியில் வீடு, செலவுக்குக் கொஞ்சம் பணம், கூடவே ஒரு உதவிப் பணியாளர். அங்கேயும் குறைகள் உண்டு. இறுதி முடிவுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். காத்திருக்கும்போது வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள் அதிகம். ஆனால், ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொள்ளச் சட்டமே சில நாட்களை ஒதுக்கித் தருகிறதே, அது நம்மிடம் இல்லை. நம்மிடம் மீட்பு ஒரு நாள், வாக்குமூலம் அதே நாள், ஊருக்கு அனுப்புவது மறுநாள்.

பிள்ளைகள் விஷயம் தனி. சூளையில் பெற்றோரோடு இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் மருந்து. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பத்து வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டாவது வாரம் நின்றுவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களில் யாராவது உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொடுத்தால் நிற்காது. உதவியிலேயே பெரிய உதவி இது. காசு செலவு இல்லை.

அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் கதை இன்னும் கடினம். ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் பெற்றோரே சில ஆயிரத்துக்கு விட்டுவிட்டுப் போன பையன்களை டெல்டா பக்கம் மீட்டிருக்கிறார்கள். அந்தப் பையனை எங்கே தங்க வைப்பது? வீட்டுக்கே அனுப்பினால், விட்ட கை மறுபடி விடும். இல்லத்தில் வைத்தால் அம்மா நினைப்பில் ஏங்குவான். நான் பார்த்தவரை, பெற்றோரைத் திட்டுவதால் எதுவும் நடக்கவில்லை. கஜா புயலில் வீடு போனவர்கள், புருஷன் செத்துக் கடனோடு நின்றவர்கள், இப்படித்தான் இருந்தார்கள். பையனை அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்து, லீவுக்கு வீட்டுக்கு அனுப்பி, வீட்டில் அந்தக் கடனை அடைக்க வழி செய்தபோது சரியாகியிருக்கிறது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு.

வெளி மாநிலத்துக்காரர்கள் என்றால் இன்னொரு தலைவலி. 2011இல் திருவள்ளூரில் ஒரே சூளையில் இருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசா தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் சான்று எழுதி, சோறு போட்டு, ரயில் ஏற்றும் வரை பாதுகாத்து அனுப்புவது சாதாரண வேலை இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு மறுவாழ்வு அந்த ஊர் மாவட்ட நிர்வாகத்தின் கையில். இங்கே கொடுத்த சான்றைக் காட்டி அங்கே கேட்க வேண்டும், மொழியும் வேறு. கூடப் போக ஒரு ஆள் இல்லாவிட்டால் தாள் தாளாகவே இருக்கும்.

இனி உங்கள் நாலு குடும்பம். சான்று பார்த்தாயிற்று. அடுத்தது சாதிச் சான்று. இருளர் என்றால் பழங்குடியினர். ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிக்க அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அப்பாவுக்குச் சான்று இல்லையென்றால் பிள்ளைக்கு எப்படித் தருவது என்று திருப்பி அனுப்புவார்கள். பழங்குடியினர் சான்றை வழங்குவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். விடுதலைச் சான்று கொடுத்ததும் அநேகமாக அதே பதவியில் இருப்பவர்தான், அந்தத் தாளிலேயே சாதி குறிப்பிடப்பட்டிருந்தால் அதை ஆதாரமாக வைத்துக் கேளுங்கள். இந்தச் சான்று வந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொத்தடிமையாக வேலை வாங்குவதே ஒரு குற்றம். அந்தப் பிரிவில் வழக்கு பதிவானால் தனி நிவாரணத் தொகை உண்டு. வீட்டுக்கும் இதே கதை. தமிழ்நாட்டில் இருளர்கள் நலிந்த நிலையில் உள்ள தொல்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள், 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் இவர்களுக்கு வீடு கட்டித்தர வழி இருக்கிறது. ஆனால் வீடு கட்ட மனை வேண்டும். ஏரிப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து நத்தமாகவோ (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலம்) மற்ற ஆட்சேபணையற்ற புறம்போக்காகவோ எந்தச் சர்வே எண்ணில் இடம் இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணையே போட்டு மனு எழுதுங்கள். 'இடம் தாருங்கள்' என்று எழுதிய மனு மேசையிலேயே கிடக்கும், எண்ணோடு எழுதிய மனு நகரும்.

பட்டா எங்கே கேட்பது என்பதையும் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊருக்கு ரொம்பத் தள்ளி, ரோடு இல்லாத, தண்ணீர் இல்லாத மூலையில் இடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே போனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, ராத்திரி பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அப்படி ஒரு இடத்தில் கட்டிய தொகுப்பு வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆட்கள் பழைய ஏரிக்கரையிலேயே இருக்கிறார்கள். நாலு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி கேளுங்கள். ஒரு வீட்டுக்கு ஆள் வந்து மிரட்டினால் மற்ற மூன்று வீடும் வெளியே வந்து நிற்கும்.

திரும்பிப் போகாமல் நின்ற ஒரு குடும்பத்துக்குச் சில வருடம் முன்பு வீடு கட்டி முடித்தோம். சாவி கொடுக்கும் அன்று அந்த அம்மாவிடம் வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டேன். கதவைச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளாற தாப்பா ஒண்ணுதான் இருக்கு, மேல ஒண்ணு போட்டுக் குடுப்பியா?" என்றார். சூளைக் கூண்டுக்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான். எந்த நேரமும் யாரும் உள்ளே தலையை விடலாம். கடைக்குப் போய் எழுபது ரூபாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி அன்றைக்கே அடித்துக் கொடுத்தோம்.

வேலை. இதைப் பதினைந்து நாளைக்குள் பார்க்க வேண்டும். 30,000 வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது கரையும். பழைய கடைக்கடன், மருந்து, பிள்ளைக்குத் துணி, கேட்டு வரும் சொந்தம். பணத்தை ஊதாரித்தனமாகச் செலவு செய்கிறார்கள் என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கையில் காசே பார்க்காதவர் ஒரு நாள் பிள்ளைக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் அது ஊதாரித்தனம் ஆகாது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற ஊரக வேலைக்கு உடனே பெயர் பதிய வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் என்ன என்று கேளுங்கள். கல் அறுக்கத் தெரியும் என்பதற்காகக் கல்லையே வெறுக்க வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே சேர்ந்து 'சிறகுகள்' என்ற பெயரில் செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் வழி செய்தது, அரசு வீட்டுத் திட்டங்களுக்கு அங்கிருந்து கல் போனது. அதே மண், அதே அச்சு, அதே கை. கணக்குப் புத்தகம் மட்டும் அவர்களிடம். வட மாவட்டங்களில் விடுதலையான கொத்தடிமைத் தொழிலாளர்களே சேர்ந்து நடத்துகிற சங்கமும் இருக்கிறது. நீங்கள் நூறு முறை சொல்வதைவிட, சூளையில் இருந்து வந்து இன்றைக்கு மனு எழுதுகிற ஒருவர் வந்து ஒரு முறை பேசினால் அந்தக் குடும்பங்கள் நம்பும். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் கூட்டிப் போங்கள். இருமல், ரத்தசோகை, முதுகுவலி, பெண்களுக்கு யாரிடமும் சொல்லாத வலிகள். தூக்கம் வராதவர், யாரிடமும் பேசாமல் உட்கார்ந்தே இருப்பவர், திடீரென்று குடி அதிகமானவர் இருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "சூளையில் என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். போட்டோ எடுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் படம் முதலாளிக்கு முகவரி சொல்லிவிடும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் செத்துப்போன கடன். 9ஆம் பிரிவின்படி அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம், மூன்று வருடம் வரை சிறை. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவரின் பாடு, 15ஆம் பிரிவு. ஆனாலும் அவர்கள் கட்டத்தான் பார்ப்பார்கள், "வாங்கினோம்ல சார்" என்பார்கள். அந்த நேர்மையைக் கேலி செய்யாமல், எத்தனை வருடம் கூலி இல்லாமல் உழைத்தீர்கள் என்று கூட உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். கூட்டி முடித்ததும் அவர்களே ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். மிரட்டல் வந்தால் 100, பெண்ணுக்கு என்றால் 181, பிள்ளைக்கு 1098, இலவச வக்கீல் வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. எண்களைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்து அழுத்துவார்கள்.

இப்போது ஆவணி. ஐப்பசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போங்கள், கூரை எங்கே ஒழுகும் என்று பார்த்துப் போட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாள். சான்று நகல்களை எடுத்துக்கொண்டு, நாலு குடும்பத்திலும் ஒரு பெண்ணையாவது கூட்டிக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மனுவை நீங்கள் எழுதினாலும் அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும்.